மேல்சபையில் என் மச்சான் மாற்றிச் சொன்ன ஒரு சொல்

சாகுல் ஹமீது இன்று காலை வஃபாத்தாகிவிட்டார்… கோட்டைப்பட்டினத்தில், தம் வீட்டிலேயே.

வெளியூர் நண்பர்கள் அறிவதற்காகச் சொல்கிறேன். டெல்லி மேல்சபையில் நெடுங்காலம் இன்டர்ப்ரெட்டராக இருந்தவர். உறுப்பினர்கள் தமிழில் பேசப் பேச, கண்ணாடி அறைக்குள் அமர்ந்து உடனுக்குடன் ஆங்கிலத்தில் சொல்லிவந்தவர். எனக்கு மாமன் மகன்.

இன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம். ஜனாஸாத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் ஹஜ்ரத் கூட்டத்தைப் பார்த்து, "இவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்பார். "நல்லவர்" என்று எல்லோரும் சாட்சி சொல்வது எங்கள் வழக்கம்.

எனக்கு அது வெறும் சடங்கு அன்று. சொன்ன சொல்லுக்கு இறைவன் முன்னிலையில் நான் பொறுப்பு. ஆகவே காலையிலிருந்து ஒரே யோசனை… மேல்சபையில் அந்த ஒரு சொல்லை அவர் வாய் தவறிச் சொன்னாரா, தெரிந்தே மாற்றினாரா?

அக்கரையில், இலங்கையில், பிடித்துவைக்கப்பட்டிருந்த எங்கள் மீனவர்களுக்காக மனுக் கொடுக்க, விசைப்படகு உரிமையாளர்களோடு நானும் ஒருமுறை டெல்லி சென்றிருந்தேன். மேல்சபை கேலரிக்குப் பாஸ் வாங்கித் தந்தவர் சாகுல்தான்.

அன்று அவையில் இலங்கை பற்றிய விவாதம். அரசியல் கொலைகள், அதிகாரப் பகிர்வு, சமாதானம்…

கடலோரம் அறியாத தமிழ் உறுப்பினர் ஒருவர் எழுந்தார். கொலைகள் ஓய்ந்து சமாதானம் நிலைக்க வேண்டுமானால் அந்த மக்களுக்கு ஆட்சியில் பங்கு வேண்டும் என்று தமிழில் உருக்கமாகப் பேசினார். என் ஹெட்ஃபோனில் சாகுலின் ஆங்கிலம் ஒலித்தது… செலவெல்லாம் போக மிஞ்சுவதில் ஒரு பகுதி வேண்டும் என்று!

திடுக்கிட்டுப் போனேன். வெண்பாவில் தளை தட்டினால் செவி உடனே சொல்லிவிடும் அல்லவா… அப்படி.

அடுத்து மந்திரி எழுந்தார். மிஞ்சுவதைத் தருவதில் எவருக்கும் மறுப்பிராது, உறுப்பினரின் நிதானம் பாராட்டத்தக்கது என்று ஆங்கிலத்தில் பதிலளித்தார். ஆங்கிலம் அறியாத நம் உறுப்பினர் கைகூப்பி அமர்ந்துவிட்டார்.

வெளியே வந்ததும் சாகுலைப் பிடித்துக்கொண்டேன். "மச்சான், அவரு பங்குன்னாரு. நீ என்ன சொன்ன?"

"பங்குன்னுதான் சொன்னேன்."

"செலவு போக மிச்சத்துலன்னு சொன்ன. என் காதால கேட்டேன்."

சிரித்தார். "நம்மூருல பங்குன்னா வேற என்னவாம்? டீசலு, ஐஸு எல்லாம் கழிச்சுட்டுத்தானே கரையில பங்கு வைக்கிறாக. வாய் முந்திக்கிருச்சு மச்சான்."

கேட்பதற்கு நேர்மையான விடைதான். ஆனால் படகில் ஒருநாளும் கால் வைத்தவர் அல்லர் அவர். மீன் வாடையே அவருக்கு ஆகாது. கடலுக்குப் போகாத மனிதருக்கு அந்த நேரத்தில் டீசல் செலவு எப்படி நினைவுக்கு வந்தது? அதுவும் மந்திரிக்கு அவ்வளவு தோதாக?

தவறென்றால் உடனே திருத்தியிருக்கலாமே என்று கேட்டேன். "திருத்துனா மட்டும் அங்கிட்டு அள்ளிக் குடுத்துருவாகளாக்கும்?" என்றார்.

நான் கேட்டதற்கு அது விடையன்று.

ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பின் துறைமுகத்துக்கு எதிரே உள்ள டீக்கடைதான் அவருக்கு மேல்சபை. டிவியில் விவாதம் ஓடும். மீனவர்களுக்கு அவர் தமிழில் சொல்வார். ஒருநாள் மீண்டும் இலங்கை, மீண்டும் சமாதானம்… ஆங்கிலத்தில் நீண்ட உரை.

"என்ன பாய் சொல்றாரு?" என்று கேட்டார், கட்டுமாவடியில் படகு ஓட்டும் மாரிமுத்து.

"சமாதானம் வேணுங்கிறாரு."

"இம்புட்டு நேரமா அதையா சொன்னாரு?"

"அதுல அம்புட்டுத்தான்ப்பா இருந்துச்சு."

"டெல்லியில வார்த்தைக்கு இம்புட்டுன்னு சம்பளம் குடுத்திருந்தா பாய் பட்டினிதான்!" என்று மாரிமுத்து சொல்ல, கடையே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. எல்லை தாண்டிச் செல்வோர் அடிபட்டால் அதை வன்முறை என்று பேசக்கூடாது என்றும் அந்த உரையில் இருந்தது. மாரிமுத்துவின் தம்பி அக்கரைக்காரர்களிடம் அடிபட்டு, கையில் கட்டோடு வீட்டில் கிடந்த சமயம் அது.

தனியே அழைத்துக் கேட்டேன். "அதை ஏன் விட்ட?"

"சொல்லியிருந்தா இவுக சும்மா இருப்பாகளா? இன்னைக்கே மறியல், கல்லெறி… நீ போயி ஜாமீன் எடுப்பியா?"

அன்று எங்கள் ஊர் அமைதியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் அமைதி போயிற்று. சொல்லும் ஓர் அமானிதம், நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள், என்று படித்து வளர்ந்தவன் நான். ஒரு நன்மை கருதிச் சொல்லை மறைக்கத் துணிந்தவர், டெல்லியில் யாருடைய நன்மை கருதியிருப்பார்?

சென்ற வாரம் படுக்கையருகே அமர்ந்திருந்தேன். அவரே தொடங்கினார்.

"மச்சான், ஹஜ்ரத் கேக்கும்போது நீ என்ன சொல்லுவ?"

"தெரிஞ்சதைச் சொல்லுவேன்."

"தெரியாததை?"

"அதை ஒன்கிட்டதான் கேக்கணும். இப்பவாச்சும் சொல்லேன்."

கண்களை மூடிக்கொண்டார். "வாய் முந்திக்கிருச்சு மச்சான்…"

அன்று டெல்லியில் சொன்ன அதே சொற்கள். ஓர் எழுத்தும் பிசகவில்லை. உண்மையும் அப்படி நிற்கும்… மனப்பாடமும் அப்படி நிற்கும்.

அஸருக்குப் பாங்கு ஒலிக்கிறது. எழ வேண்டும்.

தொழுகையைத் தவறவிடாதவர். நோயாளி எவர் வீட்டில் இருந்தாலும் முதலில் போய் நின்றவர். இவை நான் கண்டவை. கண்டதற்கு உரத்த குரலில் "நல்லவர்" என்பேன். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் என்னிடம் சாட்சியம் இல்லை.

போய் வா மச்சான். அங்கே கேட்பவனுக்கும் உனக்கும் நடுவே இன்டர்ப்ரெட்டர் எவரும் கிடையாது…