மூணு நாள்ல வர்றேன் சிஸ்டர்

ஜெபராணி சிஸ்டரைத் தெரிந்தவர்களுக்கு இது உண்மைதான் என்று நான் சத்தியம் செய்ய வேண்டியதில்லை. வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் குழந்தைகள் வார்டில் இருபத்தாறு வருஷம் நர்ஸாக இருந்தவர். காய்ச்சல் நூறு புள்ளி நாலு என்றால் நாலு என்றுதான் எழுதுவார், அஞ்சு என்று எழுத மாட்டார். அவர் வாயால் சொன்னதை அப்படியே சொல்கிறேன். நேரம்கூட அவர் சொன்னதுதான்.

1976 ஐப்பசி மாசம். எல்லம்மா என்ற மீனவப் பெண் நாற்பது நாள் பெண் குழந்தையோடு அந்த வார்டுக்கு வந்தாள். குழந்தைக்குக் குடலில் அடைப்பு. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆறாம் நாள் அவள் தம்பி ஊரிலிருந்து ஓடிவந்தான். அவள் புருஷனுக்கு விஷக்காய்ச்சல், பிழைப்பது கஷ்டம் என்றான். மூக்கில் குழாய் வைத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியுமா? எல்லம்மா தொட்டில் பக்கத்திலேயே ரொம்ப நேரம் நின்றாள். பிறகு தேள் பச்சை குத்திய கையால் ஜெபராணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு நாள்ல வர்றேன் சிஸ்டர். பாத்துக்கோ."

வரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து போட்ட மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை. பெண் குழந்தை, அதுவும் நோஞ்சான், அதனால்தான் போட்டுவிட்டு ஓடிவிட்டாள் என்று வார்டில் பேசிக்கொண்டார்கள். ஜெபராணியும் அப்படித்தான் நினைத்தார். அவர் கணவர் ஜெயகரன் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை. கல்யாணமாகி ஒன்பது வருஷம் குழந்தை இல்லை. முறைப்படி எழுதி வாங்கி, ரோஸ் என்று பேர் வைத்து, அந்தக் குழந்தையை வளர்த்தார்கள். எல்லம்மா மேல் இருந்த கோபம்தான் ஜெபராணிக்குத் தைரியம். விட்டுவிட்டுப் போனவள் திரும்பி வந்து கேட்க முடியாதில்லையா?

ஏழு வருஷம் போனது.

கம்பெனி முதலாளி ஜியாவுல்லா சாயபு கடலோரத்தில் ஒரு கடை போட்டார். செருப்பு, பெல்ட், ஹேண்ட்பேக். வெள்ளைக்காரர்கள் வந்து போகிற இடம். சரக்கு வேனில் ஜெயகரன் போக வேண்டியிருந்தது. ரோஸ் கடலே பார்த்ததில்லை, கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். ஊர் பேரைக் கேட்டதும் ஜெபராணிக்கு ஞாபகம் வந்துவிட்டது. கேஸ் ஷீட்டில் எல்லம்மாவின் விலாசமாக எழுதியிருந்த அதே குப்பம். ஊர் பேரை நான் இங்கே சொல்லப் போவதில்லை.

"யாராவது அடையாளம் கண்டுபுடிச்சிட்டா?" என்று கணவரிடம் கேட்டார்.

"அங்க யார் இருக்காங்க ராணி? குப்பத்தையே காலி பண்ணிட்டாங்க. இப்ப எல்லாம் கடைதான், ஹோட்டல்தான்."

1983 செப்டம்பர் பத்து, சனிக்கிழமை. வேன் போய்ச் சேரும்போது மணி நாலு பத்து.

ஜெயகரன் சொன்னது சரி. குடிசை ஒன்றுகூட இல்லை. வரிசையாகச் சிப்பிக் கடை, துணிக் கடை, மீன் ஹோட்டல். ஒரு பழைய படகைப் பாதியாக அறுத்து நிமிர்த்தி வைத்து, அதில் பலகை அடித்துப் பொம்மை அடுக்கியிருந்தார்கள். ஹோட்டல் கூரைகளில் வலை கட்டித் தொங்கியது, அழகுக்காக. வலை இருந்தது, படகு இருந்தது, மீன் வாசனையும் இருந்தது. மீன் பிடித்த ஜனங்கள் மட்டும் இல்லை. ஜெபராணிக்கு நிம்மதியாகவும் இருந்தது, என்னவோ போலவும் இருந்தது.

ஜெயகரன் சரக்கு இறக்கப் போனார். ரோஸ் அலையில் விளையாடிவிட்டுப் பசிக்கிறது என்றாள். இருவரும் கடலைப் பார்த்த ஒரு ஹோட்டலில் உட்கார்ந்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து ஐந்து. வெளியே நல்ல வெயில். வேறு ஆள் இல்லை. சப்ளையர் கேட்டுக்கொண்டு உள்ளே போனான்.

ஒரு பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பச்சைச் சேலை. கொசுவத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பாத்திரம் கழுவுகிறவள் போல என்று ஜெபராணி நினைத்தார்.

ரோஸ் ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினாள்.

"உப்பும்மா."

ஜெபராணி வாயில் வைத்துப் பார்த்தார். கடல் தண்ணீர்.

நிமிர்ந்தார். அந்தப் பெண் போகவில்லை. ரோஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேலே ஃபேன் வேகமாகச் சுற்றியது. அவள் முடி ஒன்றுகூட அசையவில்லை.

அலைச் சத்தம்... அது எப்போது நின்றது?

மணி ஐந்து பன்னிரண்டு.

"சிஸ்டர்... லேட்டாயிடிச்சு."

அந்தக் குரல்.

முன்கையில் பச்சை குத்திய தேள். அதே தேள். அதே முகம். ஏழு வருஷத்தில் ஒரு நாள்கூட வயது ஏறாத முகம்.

ஜெபராணி ரோஸை இழுத்து மடியில் அணைத்துக்கொண்டார். இது வேறு குழந்தை என்று சொல்லிவிடலாமா... தொண்டை வரை வந்தது. சொல்ல முடியவில்லை.

"இவதான்" என்றார்.

எல்லம்மா குனிந்தாள். தொடவில்லை.

"வயித்துல தையல் ஆறிச்சா?"

"ஆறிடிச்சு."

"நல்லா துன்னுதா?"

"நல்லா சாப்பிடுது."

டொப்... டொப்... தரையில் தண்ணீர் சொட்டியது.

"நா வர்லன்னு அய்துச்சா?"

"நீ வர்றேன்னு சொன்ன அன்னிக்கு சாயங்காலம் அழ ஆரம்பிச்சா. மூணு நாள், ராப்பகலா. யாராலயும் நிறுத்த முடியல. அப்புறம் ஒரு விடியக்காலம் தானா நின்னுடுச்சு."

எல்லம்மா தலையை ஆட்டினாள்.

"கேட்டுச்சு" என்றாள்.

ரோஸ் அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"யார்கூடம்மா பேசற?"

எதிரே யாரும் இல்லை.

அலைச் சத்தம் திரும்ப வந்தது. ஐந்து பதினேழு.

தரையில் ஒரே இடத்தில் ஈரம். வந்ததற்கும் போனதற்கும் தடம் இல்லை. சப்ளையர் வெளியே வந்து டம்ளரைப் பார்த்தான். நான் இன்னும் தண்ணியே வைக்கலியேம்மா என்றான்.

ஜெபராணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு சாயபு கடைக்கு ஓடினார். குப்பத்து ஆள் யாராவது உண்டா என்று கேட்டார். அங்கே வாட்ச்மேன் காசி பழைய குப்பத்து ஆள் என்று ஜெயகரன் சொன்னார். ரோஸைக் கணவரிடம் விட்டுவிட்டு, காசியைத் தனியாகக் கூப்பிட்டு எல்லம்மாவைப் பற்றிக் கேட்டார். தெரியும் என்றார் காசி.

எல்லம்மா வந்து சேர்ந்த ராத்திரியே புருஷன் செத்துப்போனான். எடுத்து முடித்ததும், மூன்றாம் நாள் சாயங்காலம், கொட்டுகிற மழையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். பஸ்ஸுக்கு உப்பங்கழியைத் தாண்டித்தான் போக வேண்டும். தம்பிதான் படகு தள்ளினான். வெள்ளம் படகை முகத்துவாரத்து வழியாகக் கடலுக்கு இழுத்துக்கொண்டு போனது. தம்பி போய்விட்டான். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று தெரிந்தவன் அவன் ஒருவன்தான். கடிதம் வந்தாலும் வாங்க வீட்டில் ஆள் இல்லை. குழந்தையும் போயிருக்கும் என்று ஊரில் விட்டுவிட்டார்கள்.

"எல்லம்மா மட்டும் ஒரு கட்டைய புடிச்சிக்கினு மெதந்துக்கினே இருந்திருக்காம்மா" என்றார் காசி. "மூணு நாள் கழிச்சி விடியக்காலம் பாத்தோம். நாந்தான் தூக்கினேன். ஒடம்புல சூடு இருந்திச்சி. அப்பத்தான் உசுரு போயிருக்கணும்."

பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அந்தக் கட்டைய மாரோட அணைச்சிக்கினு இருந்தா. பிரிக்க முடியல. அதோட சேத்துத்தான் பொதச்சோம்."

ஜெபராணி அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டார். ஏழு வருஷமாக ஓடிப்போனவள் என்று அவளை மனசுக்குள் ஏசியதெல்லாம் நினைவு வந்து அழுதார். வேலூர் வந்து சேரும்வரை ரோஸின் கையை விடவில்லை.

ரோஸுக்குப் பத்து வயது ஆனபோது எல்லாவற்றையும் சொன்னார்கள். உன்னை யாரும் விட்டுவிட்டுப் போகவில்லை, உன்னிடம் வரும் வழியில்தான் அவள் போனாள் என்று. ரோஸ் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்த அம்மா எனக்கு இன்னா பேரு வெச்சாங்க?"

ஜெபராணிக்குத் தெரியாது. காசிக்கும் தெரியாது. கேஸ் ஷீட்டில் 'எல்லம்மா குழந்தை' என்று மட்டும்தான் எழுதியிருந்தது.

"அஞ்சு நிமிஷம் என் எதிர்ல நின்னா" என்றார் ஜெபராணி சிஸ்டர் என்னிடம். "எனக்கு அதைக் கேக்கத் தோணலையே."