எட்டு வரி வாத்து

பார்த்துப் பார்த்து வளர்த்ததை விட்டுவிட்டு, போகிற போக்கில் செய்ததற்கே உலகம் ஏன் கைதட்டுகிறது? சிறுவர் வார இதழில் தொடர்கதை எழுதிய அந்த மனிதரின் வாழ்க்கை இந்தக் கேள்வியிலேயே கழிந்தது.

அவருடைய நாயகன் பொய் சொல்லாத, பயம் அறியாத பையன். அவனை மனதில் உருவாக்கவே அவருக்குப் பல வருடம் பிடித்தது. ஒரு வாரம் பக்கத்தின் அடியில் எட்டு வரி இடம் மிஞ்சியது. அச்சுக்குப் போகும் அவசரத்தில், தண்ணீரைக் கண்டால் நடுங்கும் ஒரு வாத்தை எழுதி அதை அடைத்தார். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் என்பார்களே, அதுதான் நடந்தது; வாசகர்கள் கேட்டுக் கேட்டு, வாத்து வாராவாரம் கதைக்குள் வந்தது.

“பையன் கிணத்துல விழுந்தான், ஒருத்தரும் கேக்கல சார். வாத்துக்கு ஜலதோஷம்னு எழுதினீங்க, போன் ஓயல,” என்றார் இதழாசிரியர். “இனிமே வாத்து மட்டும் போதும். இல்லேன்னா தொடரை நிறுத்திடலாம்.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொட்டித் தீர்த்தார். “அந்தப் பையன் என்ன தப்பு செஞ்சான், நீயே சொல்லு!”

“ஒரு தப்பும் செய்யலையே, அதாங்க அவன்கிட்ட குறை,” என்றாள் அவள். “அது கிடக்கட்டும், வாத்துக்குச் சளி விட்டுச்சா?”

அன்று அவர் சாப்பிடவில்லை.

மறுவாரக் கதையில் பையன் ஊரைவிட்டுப் போனான். வாத்து தலைப்பில் ஏறிக்கொண்டது. அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் பக்கத்தின் அடியில் எட்டு வரி இடத்தை அவர் வெறுமையாகவே விட்டார். அங்கே ஒரு சின்னப் படத்துக்குக்கூட அவர் இடம் கொடுக்கவில்லை.