‘பின்’ போட்ட பெயர்கள்

பெயர் எழுதுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் ஒருநாளாவது அந்த மேசையில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். மலாயாவில் வெள்ளைக்காரர் ஆட்சியில், கம்யூனிஸ்டுகளை அடக்கப் போட்ட அவசரகாலத்தில் எல்லாருக்கும் அடையாள அட்டை என்று உத்தரவு வந்தபோது, ரந்தாவ் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றில் நான் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை. அட்டை எழுத வந்த வெள்ளைக்கார அதிகாரிக்கு மொழிபெயர்க்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. பெயரால் அடிபட்டவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

எல்லாரும் ஒரே குடும்பமா?

முதல் நாள் மலாய்க் காவல்காரர்கள் வரிசையில் நின்றார்கள். இஸ்மாயில் பின் ஹசன், ஒஸ்மான் பின் அலி, யாக்கோப் பின் சமாட். தொரை பேனாவை வைத்துவிட்டு, “இந்த பின் குடும்பம் ரொம்பப் பெரிசோ?” என்றார். அவர் ஊரில் பலருக்கும் பொதுவாக வருவது குடும்பப் பெயராம். ‘பின்’ என்பது அரபுச் சொல், ‘மகன்’ என்று அர்த்தம், அதற்கு அடுத்து வருவது அப்பாவின் பெயர் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இவர்கள் எல்லாம் உறவா என்று இஸ்மாயிலிடமே கேட்கச் சொன்னார். கேட்டேன்.

இஸ்மாயில் தொரையை ‘துவான்’ என்று மரியாதையாக அழைத்து நிதானமாகச் சொன்னார்: “உறவெல்லாம் இல்லை துவான். எங்க எல்லாருக்கும் அப்பா உண்டு, அவ்வளவுதான்.”

கல்யாணமாகாத அப்பா

எஸ்டேட் மளிகைக்கடை அபு ஹசன் பாய்க்கு நாற்பது தாண்டியும் கல்யாணமாகவில்லை. ‘பின்’ பாடம் கற்ற உற்சாகத்தில் தொரை, “அபு என்றால்?” என்றார். ‘தகப்பன்’ என்று அர்த்தம், அரபு நாட்டில் ஒருவரை இன்னாருடைய அப்பா என்று மூத்த பிள்ளையின் பெயரைச் சேர்த்துக் கூப்பிடுவது மரியாதை என்றேன். இவருக்கு அது பெரியவர் ஒருவரின் நினைவாக வைத்த பெயர் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த ஆள் வந்து நின்றுவிட்டார். பிறகு பார்த்தால், பாயின் குடும்ப விவரத்தில் ‘ஒரு மகன், பெயர் ஹசன்’ என்று தொரை எழுதியிருக்கிறார்.

ஆளுக்கு இவ்வளவு என்று அரிசி அளந்து கொடுத்த காலம் அது. பதறிப்போய்க் கடைக்கு ஓடி, திருத்திவிடலாம் என்றேன்.

பாய் தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “பொண்ணு பாக்கப் போறப்ப திருத்திக்கலாம் கிராணி. அதுவரைக்கும் ஹசன் பங்கு அரிசி வரட்டும்லா.”

ஃபாத்திமா மாறவில்லை

பக்கத்து மலாய்க் கம்பத்திலிருந்து, அதாவது கிராமத்திலிருந்து வந்த ஃபாத்திமா பிந்தி டாவுட் இரண்டு பிள்ளைகளின் தாய். ‘பிந்தி’ என்றால் மகள். கல்யாணமான பிறகும் ஏன் அப்பா பெயர், புருஷன் பெயரைப் போடலாமே என்றார் தொரை. வரிசையில் பின்னால் நின்ற நம் பெண்களும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். நெகிரி செம்பிலான் மலாய்க்காரர்களிடம் வீடும் நிலமும் பெண்கள் வழியில்தான் போகும். ஃபாத்திமாவின் புருஷன்தான் அவர் வீட்டுக்குக் குடிவந்தவர்.

இடுப்புப் பிள்ளையை மாற்றி வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: “புருஷன் மாறலாம் துவான். அப்பா மாற மாட்டார்.”

ராமசாமியின் மகன்

பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கும் ராமசாமியின் ஒரே மகன் சின்னையா. மலாய்ப் பெண்ணைக் கட்டி இஸ்லாத்துக்குப் போய் யூசோப் பின் அப்துல்லா ஆனான். அன்றோடு ராமசாமி மகனிடம் பேச்சை விட்டார். மதம் மாறினதைவிட அந்த ‘அப்துல்லா’தான் அவரைச் சுட்டது. “யாருய்யா அவன்? எம்புள்ளைக்கு அப்பன்னு சொல்லிக்கிட்டு?” என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். அது ஆள் இல்லை, ‘இறைவனின் அடிமை’ என்று பொருள், புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இங்கே அப்படி எழுதுவது வழக்கம் என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

யூசோப் லாரியில் கெலிண்டான், அதாவது ஓட்டுநருக்குத் துணையாள். ஒருநாள் ரந்தாவ் சாலையில் ராணுவம் லாரியை நிறுத்தியது. அப்பா பெயர் என்ன என்று சிப்பாய் அதட்ட, பயத்தில் அவன் வாயில் வந்தது ‘ராமசாமி’. அட்டையில் அப்துல்லா. கள்ள அட்டை என்று போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். காட்டுக்காரர்களுக்கு, அதாவது காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஆள் என்று முத்திரை விழுந்தால் வெளியே வருவது கஷ்டம்.

செய்தி கேட்டு நான் சைக்கிளை எடுத்தபோது, பால் வாளியை அப்படியே வைத்துவிட்டு ராமசாமி பின்னால் ஏறி உட்கார்ந்தார். நிலையத்தில் மலாய் சார்ஜனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அங்கிருந்த வேறொரு வெள்ளைக்கார அதிகாரிக்குத்தான் விளங்கவில்லை. ஒருவனுக்கு எப்படி இரண்டு அப்பா என்றார். ராமசாமி முன்னால் போய் நின்று, தெரிந்த மலாயில், “அட்டையில இருக்கிறது சாமி பேரு துவான். பெத்தவன் நான்,” என்றார். சார்ஜனும் எடுத்துச் சொல்ல, பொழுது சாய்வதற்குள் விட்டுவிட்டார்கள்.

வாசலுக்கு வந்ததும் ராமசாமியே மகனிடம் பேசினார்: “ஞாயித்துக்கிழமை மருமகளைக் கூட்டிக்கிட்டு வா. கோழியை உங்க முறைப்படி நீயே அறுத்துக்க.”

இப்போதெல்லாம் புதிதாக யாராவது தன் பெயரைச் சொன்னால், சந்தோஷம் என்று கைகுலுக்கிவிட்டு, அர்த்தம் கேட்காமல் நழுவிவிடுகிறேன்.