கருவி: கை

நான் சேர்ந்த காலத்தில் எங்கள் கல்லூரி விலங்கியல் துறைக்கு ஏரி என்றால் பாட்டிலில் ஊறிய இறாலும் நண்டும்தான். வருடத்துக்கு ஒருமுறை கல்லூரி வேன் ஏரிக்கரையிலுள்ள எங்கள் ஊர் பழவேற்காட்டுக்கு வரும். டச்சுக் கல்லறையைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிவிடும். என் கடைசி வருடத்தில் பாடத்திட்டம் மாறியது. அவரவர் ஊரிலேயே ஆய்வு செய்யலாம், அதற்கு மதிப்பெண் உண்டு என்றார்கள். என் அம்மா ஏரியில் கையால் இறால் பிடிப்பவள். அதையே எழுதினேன். படிவத்தில் 'பயன்படுத்திய கருவி' என்றொரு கட்டம். 'கை' என்று நிரப்பினேன்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அதைச் சிவப்பு மையால் அடித்தார். "கருவியே இல்லாம என்னம்மா ஆராய்ச்சி?" அவர் கையெழுத்துப் போடாவிட்டால் எனக்குப் பட்டம் கிடையாது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். நல்லவேளை, துறைத்தலைவி முந்திக்கொண்டார். "பாடத்திட்டத்தை மாத்திட்டோம், நாமளும் கொஞ்சம் மாறணும் சார். நேர்ல போய்ப் பாத்துடலாம்."

மறுநாள் வேன் கல்லறையைத் தாண்டி ஏரிக்கரைக்கே வந்தது. அம்மா தண்ணீரில் குனிந்து சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தாள். தேர்வாளர் கரையிலிருந்து கேள்வி மேல் கேள்வி கேட்டார். பதில் இல்லை. "மரியாதைக்காவது ஒரு வார்த்தை பேசக் கூடாதா?" என்று முகம் சுளித்தார். அம்மாவின் பல்லில் பறி இருந்தது. பிடித்ததைப் போடும் ஓலைக்கூடை அது. இரண்டு கையும் சேற்றில் இருக்கையில் வாயில்தான் கவ்வ வேண்டும். வாயைத் திறந்தால் அன்றைய இறால் மொத்தமும் தண்ணீரில்.

நான் அதைச் சொன்னதும், "அப்ப நீயே இறங்கிக் காட்டு" என்றார் என்னிடம். அம்மா கரையேறினாள், பறியைக் கவ்விக்கொண்டு நான் இறங்கினேன். மனிதர் என்னிடமும் கேள்வியை ஆரம்பித்துவிட்டார்!

புடவையைப் பிழிந்துகொண்டே அம்மா பதில் சொன்னாள். "பகல்ல எறா சேத்துல பதுங்கிக்கும் சார். வெரல்ல உரசுனதும் அமுக்கிடணும். சினை நண்டா இருந்தா உட்டுருவோம்."

"சினைன்னு எப்படித் தெரியும்?"

"இன்னா சார், வயித்துக்கு அடியில சொரசொரன்னு இருக்குமே."

அவர் கேட்கக் கேட்க அவள் சொல்லிக்கொண்டே போனாள். கடைசியில் அவர் படிவத்தை எடுத்து, தான் அடித்ததற்குக் கீழே தன் கையாலேயே 'கை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அடுத்த வருடம் அதே வேனில் ஒரு வகுப்பே அம்மாவிடம் செய்முறை கற்க வந்தது. பெருமையை அடக்கிவைக்க நான் என்ன துறவியா? பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். அம்மா கல்லூரிக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"நான் தண்ணியில இருக்க சொல்ல ஒருத்தரும் கேள்வி கேக்கக் கூடாதுன்னு சொல்லு. கரைக்கு வந்து சொல்றேன்."