இடது பெருவிரல் இல்லாதவன் விளையாடக் கூடாதாம்

வீடியோ விளையாட்டுக்குக் கொன்ரோலர் என்ற சாமானைச் செய்தவன், உலகத்தில் எல்லோருக்கும் இரண்டு பெருவிரல் இருக்கும் என்று முடிவெடுத்துவிட்டுத்தான் செய்திருக்கிறான். இன்றைக்கும் அதைக் கடைக் கண்ணாடிக்குள் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இடது பெருவிரலால் ஒரு குமிழைத் தள்ளினால் திரையில் ஆள் நடப்பான். வலது பெருவிரலால் இன்னொன்றைத் தள்ளினால் திரும்பிப் பார்ப்பான். மற்ற எட்டு விரல்களுக்கும் பெரிய வேலை கிடையாது. என் தம்பியிடம் இருந்தவை அந்த எட்டும் வலது பெருவிரலும்தான்.

இடது பெருவிரல் நங்கூரக் கயிற்றோடு போனது. நாங்கள் கரம்பொன்னில் கடல்தொழில் செய்கிற குடும்பம். சண்டை நின்று சமாதான காலம் தொடங்கி, கடலுக்குப் போகும் கட்டுப்பாடுகள் கொஞ்சம் தளர்ந்திருந்தன. அப்பாவோடு போன தம்பி நங்கூரம் இறக்கியபோது கயிறு விரலில் சுற்றிக்கொண்டது, அலை படகைத் தூக்கியது, அவ்வளவுதான். அவனுக்கு அப்போது இருபது வயது. அதற்குப் பிறகு இடது கையை இடுப்புச் சாரத்தின் மடிப்புக்குள் செருகிக்கொண்டே திரிந்தான். கோயிலுக்கு வரமாட்டான், சந்திக்கு வரமாட்டான், குசினிக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவான். அம்மா அவனுக்காக நேர்த்தி வைத்தபடி இருந்தார். அப்பா, "ஆம்பிளைப் பிள்ளை, ஒரு விரலுக்கு உப்பிடி இடிஞ்சு போறதே?" என்று ஏசியபடி இருந்தார். இரண்டாலும் அவனுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

நான் படிப்பைச் சாட்டிக் கடலிலிருந்து தப்பியவன். ஊர் வாசிகசாலையின் பின்னறையில் ஒரேயொரு பழைய கொம்பியூட்டரை வைத்து வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு பிள்ளைகள். ஒரு பிள்ளை உண்மையான கீபோட்டில் தட்டும்போது, மற்றவர்கள் நான் மட்டையில் கீறிக் கொடுத்த எழுத்துக் கட்டங்களில் தட்டிப் பழகுவார்கள். அந்த மட்டைகளைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருக்கும்.

அந்த வருடம் கோயில் பெருநாளுக்குக் கனடாவிலிருந்து மாமாவின் மகன் வந்தான். ஆறு வயதில் போனவன், மீசையோடு திரும்பி வந்தான். எங்கள் வீட்டிலிருந்த ஒரே மின்விசிறி அவனுடைய கதிரைப் பக்கம் திரும்பியது. அவன் கொண்டுவந்த கறுப்பு விளையாட்டுப் பெட்டியை வாசிகசாலை ரீவியில் கொழுவி, ஜெனறேற்றரைப் போட்டதும் ஊர் இளைஞர்கள் எல்லோரும் அங்கேதான். துவக்கால் சுடுகிற விளையாட்டு. றோட்டில் உண்மையான துவக்கோடு ஆட்கள் காவல் நிற்க, உள்ளே எங்கள் பெடியள் பொய்த் துவக்குக்கு அடிபட்டார்கள்.

மூன்றாம் நாள் தம்பி வந்து வாசிகசாலை யன்னலுக்கு வெளியே நின்றான். வீட்டை விட்டு அவன் தானாக வெளிக்கிட்டு எத்தனையோ மாதங்கள். மச்சான் அவனைக் கூப்பிட்டுக் கொன்ரோலரைக் கையில் கொடுத்தான். தம்பி சுட்டுவிரலால் இடது குமிழைத் தள்ளப் பார்த்தான். கொன்ரோலர் கையிலிருந்து நழுவி விழுந்தது. அதை எடுத்து மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

நான் அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கத்தில் சப்பையாக இரண்டு துளைகள் இருந்தன. கீபோட்டும் மவுஸும் அதில் வேலை செய்யும் என்று விளையாட்டோடு வந்த புத்தகத்தில் இருந்தது. எங்கள் பழைய கீபோட்டின் முனை வட்டமானது, உள்ளே போகாது. அடுத்த நாள் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய், நாலு கடை ஏறி இறங்கி, சப்பை முனையோடு ஒரு கீபோட்டும் ஒரு மவுஸும் வாங்கி வந்தேன்.

காலையில் மற்றவர்கள் வரமுன் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் இருத்தினேன். கீபோட்டில் நடப்பதற்கு இடது கையின் மோதிரவிரல், நடுவிரல், சுட்டுவிரல் மூன்றும் போதும். பெருவிரலை யாரும் கேட்கவில்லை. குறி பார்க்க வலது கையில் மவுஸ். முதல் நாள் சுவரில் முட்டி முட்டி நின்றான். இரண்டாம் நாள் என்னைச் சுட்டுத் தள்ளினான். "அண்ணை, நீங்கள் நிண்ட இடத்திலயே நிக்கிறியள்" என்று சிரித்தான். அவனுடைய இடது கை வெளிச்சத்தில், மேசை மேல், எல்லோருக்கும் தெரியும்படி கிடந்தது. அவன் அதை மறந்தே போனான்.

பெருநாளுக்கு அடுத்த நாள் பின்னேரம் போட்டி வைத்தார்கள். தம்பி தானே பெயர் கொடுத்தான். மூன்று பேரை வரிசையாக வென்றான். ஒவ்வொரு முறையும் எல்லோரையும் விடப் பலமாகக் கை தட்டியவன் மச்சான்தான். நாலாவதாக அவனே வந்து இருந்தான். தோற்றான். கொஞ்சநஞ்சத் தோல்வி அல்ல, தலை தூக்கவே தம்பி விடவில்லை.

மச்சான் கொன்ரோலரை மேசையில் எறிந்தான்.

"இது அளாப்பல், கள்ள ஆட்டம். மவுஸால ஆரும் வெல்லலாம். அங்க இப்பிடி விளையாட விடமாட்டினம். இது கொன்ரோலருக்கெண்டு செய்த பெட்டி. எல்லாருக்கும் ஒரே சாமான், அதுதான் நியாயம்."

அவன் சொன்னதில் பாதி உண்மை, அதையும் சொல்லிவிடுகிறேன். மவுஸில் குறி கை அசைந்த இடத்துக்கு உடனே போகும், கொன்ரோலரில் குமிழைத் தள்ளித் தள்ளித்தான் போகவேண்டும். ஆனால் இந்த நியாயம் மற்ற மூன்று பேரும் தோற்றபோது இவனுக்கு ஏன் ஞாபகம் வரவில்லை? ஒரே சாமான் வேண்டுமென்றால் ஒரே மாதிரிக் கையும் வேண்டாமா? விளையாட வந்த இடத்தில் சட்டம் போட இவனுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? இவ்வளவும் என் வாய்க்குள் வந்தன. ஒன்றும் வெளியே வரவில்லை.

ஏனென்றால் அதற்கு முதல் நாள்தான், பெருநாள் சாப்பாட்டில், எல்லோருக்கும் முன்னால் அவன் சொல்லியிருந்தான், கனடாவுக்குத் திரும்பியதும் என் வகுப்புக்கு இரண்டு புதுக் கொம்பியூட்டர் அனுப்புவதாக.

வாசிகசாலைத் தலைவர் என் தோளில் கை வைத்தார். "நீர் படிச்சனீர். வந்த பிள்ளையோட சண்டை கொழுவாமல் அலுவலைப் பாரும்."

மச்சானும் என்னைப் பார்த்தான். "நீங்களே சொல்லுங்கோ, நான் கேட்டது பிழையோ?"

நான் எழும்பிப் போய்க் கீபோட்டின் வயரையும் மவுஸின் வயரையும் பெட்டியிலிருந்து இழுத்து எடுத்தேன். தம்பியின் விரல்கள் அப்போதும் கீபோட்டின் மேல்தான் இருந்தன. அவன் என்னைப் பார்க்கவில்லை, வயரைப் பார்த்தான்.

எழும்பிப் போவான் என்று நினைத்தேன். போகவில்லை. கொன்ரோலரை எடுத்து மடியில் வைத்து, உள்ளங்கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு, சுட்டுவிரலால் குமிழைத் தள்ளினான். திரையில் ஆள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் நின்றான். அப்போது மச்சான் பெரிய மனது பண்ணினான். "சரி, நானும் ஒரு கையால விளையாடுறன், சரியோ?" என்று மற்றக் கையைத் தூக்கிக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தத் தூக்கிய கையை இப்போது நினைத்தாலும் அதை முறிக்கவேண்டும் போல இருக்கிறது. அதைவிட, அங்கே நின்று நானும் பல்லைக் காட்டினேன் என்பது என்னைத் தின்கிறது.

தம்பி கடைசி வரை விளையாடி, கடைசி வரை தோற்று, "தாங்ஸ்" என்று சொல்லிக் கொன்ரோலரைத் திருப்பிக் கொடுத்தான். இடது கை சாரத்து மடிப்புக்குள் போனது.

மச்சான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். நத்தார்ப் பண்டிகைக்கு முன்னர் இரண்டு கொம்பியூட்டரும் யாழ்ப்பாணம் வந்து, அங்கிருந்து லான்ட்மாஸ்ரர் உழவு யந்திரத்தில் வாசிகசாலை வாசலுக்கு வந்தன. எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது பொய். மட்டைகளைக் கிழித்து எறிந்தேன். பெட்டிகளை இறக்கத் தம்பி வந்தான். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து முதல் பெட்டியை உள்ளே வைத்தோம்.

"இனி நீ எந்த நேரமும் வந்து இரடா தம்பி. கீபோட், மவுஸ் எல்லாம் இருக்கு" என்றேன்.

அவன் வேர்வையைத் துடைத்தான். கோபமே இல்லாமல் சொன்னான்.

"விரலைக் கடல் எடுத்ததெண்டு நான் ஆரோடையும் கோவிக்கேல்லை அண்ணை. கீபோட்டை நீங்கள்தானே கழட்டினனீங்கள்."

சொல்லிவிட்டு, மற்றப் பெட்டியை இறக்க லான்ட்மாஸ்ரரடிக்கு நடந்தான்.