டேப் சுற்றிய டப்பா

விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ளுகிற அந்த ஆளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது அடையாள அட்டையில் மட்டும் தூங்குகிறது. மற்றபடி எல்லாருக்கும் அவன் டேப்பு. பெட்டி ஒட்டுகிற மஞ்சள் டேப் உருளை ஒன்று எப்போதும் அவன் இடுப்பில் தொங்கும். நாற்காலிக் கைப்பிடி கிழிந்தால் டேப், வீட்டுக் குழாய் ஒழுகினால் டேப், மூக்குக்கண்ணாடி உடைந்தால் டேப். வலது கால் ஷூ வாயைப் பிளந்து ஆறு மாசமாகிறது, அதற்கும் மூன்று சுற்று மஞ்சள் டேப். சாப்பாட்டு டப்பாவின் மூடி நிற்காது என்று தினமும் காலையில் அதையும் இறுக்கச் சுற்றி, பையில் போட்டுக்கொண்டு கிளம்புவான். புது டப்பா வாங்கித் தொலையுங்களேன் என்று பெண்டாட்டி தலைதலையாய் அடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

பத்தொன்பது வருஷம் தள்ளியிருக்கிறான். வாய் நீளம், கோபம் மூக்குமேல். ஆனால் நாற்காலியில் ஆள் உட்கார்ந்துவிட்டால் மனுஷன் வேறு மாதிரி ஆகிவிடுவான். மேடு பள்ளம் தெரியாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பான். சக்கரம் கிறீச்சிடாத நாற்காலி அங்கே நாலைந்துதான். அதில் ஒன்று இவன் எண்ணெய் போட்டுப் பழக்கியது. அதை வேறு யாரும் தள்ளிக்கொண்டு போகாமல் இருக்க, எங்கே நிறுத்தினாலும் தன் சாப்பாட்டுப் பையை இருக்கையில் வைத்துவிட்டுப் போவான். தள்ளுகிறவர்களுக்குள் அது எழுதாத சட்டம். பை இருந்தால் வண்டிக்கு ஆள் இருக்கு என்று அர்த்தம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் அந்தச் செய்தி வந்து விழுந்தது. சாப்பாட்டுப் பெட்டிக்குள் குண்டை வைத்து, உள்ளே வேலை பார்க்கிற ஒருத்தன் மூலமாக விமானத்தில் ஏற்றத் திட்டம் போட்டிருந்தார்களாம். வேறொரு ஊர் விமான நிலையத்தில், ஏற்றுவதற்கு முன்னாலேயே பிடித்துவிட்டார்கள். ஒருத்தருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. நல்லதுதானே, நிம்மதியாக இருப்பார்கள் என்று நினைத்தால், நினைத்தவன் மடையன். குண்டு வெடித்திருந்தால்கூட இத்தனை ரத்தத்தை இந்த ஊரில் பார்த்திருக்க முடியாது.

செவ்வாய்க்கிழமை, தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி வைத்த சோதனைக்காரப் பெண்ணின் கன்னத்தில் ஒருத்தன் ஓர் அறை விட்டான், அவள் காதுக் கம்மல் சதையோடு வந்தது. புதன்கிழமை, வரிசையில் வாய்க்குள் என்னமோ முணுமுணுத்தவன் மூக்கை நாலு பேர் சேர்ந்து உடைத்தார்கள். வேலைக்கான நேர்காணலுக்குப் பதில் மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தானாம், பாவம். வியாழக்கிழமை, சாப்பாட்டு வண்டி தள்ளுகிறவனை அவன் வண்டியாலேயே சுவரோடு நசுக்கினார்கள். தோள்பட்டை எலும்பு ரெண்டாகப் போனது. அடித்தவர்கள் யாரும் ரௌடிகள் இல்லை, எல்லாம் இஸ்திரி போட்ட சட்டைக்காரர்கள். பயந்தவன் கையில் இருக்கிற வெறி வேறு யார் கையிலும் இருக்காது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை. மேலதிகாரி ஓர் அறிவிப்பு ஒட்டினார்: ஊழியர் பை எங்காவது தனியாகக் கிடந்தால் அன்றைக்கே அட்டை பறிபோகும், விளக்கம் கேட்கப்படாது. டேப்பும் படித்தான். தலையையும் ஆட்டினான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவனுக்கு வாய்த்தவர் ஒரு தையல்காரர். அறுபது வயசிருக்கும், இடுப்பு எலும்பு தேய்ந்தவர், திக்குவாய். மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பார்க்கப் போகிறார். மடியில் அவரே தைத்த குட்டிக் குட்டிச் சட்டைகள். விமானம் ஏறுவது முதல் தடவை. வேர்த்து ஊற்றியது. பயமா சார் என்று கேட்டதற்கு, பேச்சு வராமல் கையை மட்டும் ஆட்டினார். டேப்பு விடுவானா? தான் தள்ளிக்கொண்டு வந்து ஏற்றிவிட்ட ஆள் ஒருத்தரும் இதுவரை புகார் சொல்லத் திரும்பி வந்ததில்லை என்று கதை அளந்து, அவரைச் சிரிக்க வைத்துவிட்டான். சிரித்து முடித்ததும் குனிந்து அவன் ஷூவைப் பார்த்தார்.

"தை... தைக்க வேண்டியதை ஒட்டி வச்சிருக்கீங்களே, தம்பி."

ஊருக்குப் போய் வந்ததும் தைத்துத் தருகிறேன் என்றும் சொன்னார்.

விமானத்துக்கான வாசல் திறக்க இன்னும் நேரம் இருந்தது. தூணை ஒட்டிய இரும்பு நாற்காலியில் அவரை மாற்றி உட்கார வைத்து, வண்டியைப் பக்கத்தில் நிறுத்தினான். அந்த நேரம் பார்த்து வாக்கிடாக்கி கத்தியது. அடுத்த வாசலில் ஓர் அம்மா நாற்காலியில் காத்திருக்கிறார், தள்ள ஆளில்லை, உடனே வா. டேப்பு கைக்கடிகாரத்தைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். பத்தொன்பது வருஷப் பழக்கம், கை தானாகப் பையை எடுத்து இருக்கையில் வைத்தது. அறிவிப்பு ஞாபகம் வராமல் இல்லை. அதனால்தான் அவரிடம் சொன்னான்.

"அஞ்சே நிமிஷம் சார். இந்தப் பையைப் பாத்துக்கோங்க. யார் கேட்டாலும் குடுத்துடாதீங்க, என் வேலை போயிடும்."

அவர் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த அஞ்சு நிமிஷத்தில் நடந்ததை டேப்பு பிறகு பலர் வாயால் கேட்டான். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண், பையின் திறப்பு வழியாக மஞ்சள் டேப் சுற்றிய டப்பாவைப் பார்த்திருக்கிறாள். அது யாருடையது என்று கேட்டாள். அவர் வாயைத் திறந்தார். "எ... எ... எ..." அதற்கு மேல் வரவில்லை. நிதானமாக இருந்தாலே பாதி வார்த்தைதான் வரும், நாலு பேர் சுற்றி நின்றால் எங்கிருந்து வரும்? வேர்வை வேறு. டை கட்டிய ஒருத்தன் பையைப் பிடித்து இழுத்தான். அவர் விடவில்லை. ரெண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டார். வெடிக்க வைக்கப் போறான் என்று யாரோ அலறினார்கள், அவ்வளவுதான்.

டேப்பு திரும்பி வந்தபோது முதலில் சத்தம்தான் கேட்டது. ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம். தூண் வரைக்கும் ஓடி வந்தான், அங்கேயே கால் நின்றுவிட்டது. பத்துப் பன்னிரண்டு பேர். ஒருத்தன் பெல்ட்டைக் கழற்றி இரும்புப் பக்கமாக வீசிக்கொண்டிருந்தான். ஒருத்தன் சக்கரப் பெட்டியைத் தலைக்குமேல் தூக்கி இறக்கினான். அது தாடையில் விழுந்தது, பல் ரெண்டு தெறித்துத் தரையில் உருண்டது. குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு தாய், குதிகாலால் அவர் விரல்களை மிதித்தாள். குட்டிச் சட்டைகள் காலடியில் சிவந்து கிடந்தன. காவலர்கள் இருபதடி தள்ளிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். சந்தேகப் பொருளிடம் நிபுணர் வரும்வரை நெருங்கக் கூடாது என்பது அவர்களுக்கு விதி. அடிக்கிறவர்களுக்கு விதி ஏது?

என் பை என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் அட்டை போகும். அதோடு அந்தப் பெல்ட் இந்தப் பக்கம் திரும்பும். டேப்பு தூணுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டான். அந்த நேரம் ஒலிபெருக்கியில் வழக்கமான அறிவிப்புக் குரல் ஆரம்பித்தது: பயணிகள் தங்கள் உடைமைகளைத் தாங்களே கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு மொழியில் சொல்லி முடித்து, இன்னொரு மொழியிலும் முழுசாகச் சொன்னது. அது முடிகிற வரைக்கும் அவன் நின்றான். நின்றான், ஆமாம். வக்காலத்து வாங்க நான் வரவில்லை.

முடிந்ததும் உள்ளே பாய்ந்தான். பெட்டிக்காரனைத் தலையால் வயிற்றில் முட்டிச் சாய்த்தான். பெல்ட் அவன் கண்ணோரத்தைக் கிழித்தது. டைக்காரனின் கையைக் கடித்தான், விடாமல் கடித்தான், வாயெல்லாம் உப்பு. தரையில் விழுந்து, அவர்மேல் கவிழ்ந்து, அந்த அணைப்பிலிருந்து பையை உருவினான். அவன்தான் என்று தெரிந்தோ என்னமோ, இவ்வளவு நேரம் யாருக்கும் விடாத கைகள் அவனுக்கு விட்டன. டேப்பைப் பல்லால் கிழித்தான், மூடியைப் பிடுங்கி எறிந்தான். கூட்டம் ஓ என்று அலறிப் பின்னால் ஓடியது.

உள்ளே சோறு. ஒரு முட்டை.

ரத்தக் கையால் அள்ளி வாயில் திணித்தான். மெல்லாமல் விழுங்கினான், இன்னொரு வாய் திணித்தான். "சோறுடா," என்றான். "என் சோறு. தின்னுட்டு அடிங்கடா."

யாரும் கிட்டே வரவில்லை. டைக்காரன்தான் பேசினான். அப்படின்னா அந்த ஆள் குடுத்துத் தொலைச்சிருக்கலாமே என்றான். நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின.

அட்டையை அன்று மாலையே பறித்தார்கள். அடித்தவர்களில் மூன்று பேரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள்.

எட்டாம் நாள்தான் ஆஸ்பத்திரியில் பார்க்க விட்டார்கள். தையல்காரரின் ஒரு கண் போய்விட்டது. வலது கை விரல் மூன்று இனி ஊசி பிடிக்காது. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். மகள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தாள். இவன்தான் அப்பாவைக் காப்பாற்றினவன் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், எழுந்து கை கூப்பினாள். டேப்புக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. குழந்தை அழ, அவள் வெளியே போனாள்.

அவர் இடது கையால் ஒரு தாளில் கோணல்மாணலாக எழுதி நீட்டினார். வேலை இருக்கா என்று கேட்டிருந்தார்.

இருக்கு என்று பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தான். வேறு வந்தது.

"நான் முன்னாடியே வந்துட்டேன் சார். தூணுக்குப் பின்னால நின்னுட்டேன். உங்களை அடிக்கிறதப் பாத்துக்கிட்டு நின்னேன்."

ஒற்றைக் கண் அவனையே பார்த்தது. பிறகு தாளைத் திரும்ப வாங்கி, நெடுநேரம் எழுதினார்.

'தெரியும். கீழே கிடந்தப்போ தூணோரம் உங்க மஞ்சள் ஷூ தெரிஞ்சது. தம்பி வந்துட்டார், இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சிக்கிட்டா போதும்னு நினைச்சேன்.'

டேப்பு ரெண்டு தடவை படித்தான். கால்களை மெதுவாக நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.