பாதித் தட்டில் எழுந்த ஞாயிறுகள்

பால் அடிப்பிடித்துக் கருகி, புகை முன்னறை வரை போன பிறகும் எனக்குத் தெரியவில்லை. அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "ஏனுங்க, என்னமோ தீயுதுங்களே, உள்ளதான் இருக்கீங்களா?" என்று கேட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். பாத்திரம் கறுத்துக் கிடந்தது. வெங்காயத்தை மூக்கருகே கொண்டுபோனேன். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர வேறு ஒன்றும் வரவில்லை.

காய்ச்சல் விட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. அந்த மழைக்காலத்தில் பெர்ன்ஹில்லில் எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் காய்ச்சல். மற்றவர்களுக்கு வந்தது, போனது. எனக்குப் போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போனது. வாசம் போனால் ருசியும் போகும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. உப்பு, புளிப்பு, இனிப்பு எல்லாம் எங்கோ தூரத்தில் யாரோ பேசுவதுபோல் மங்கலாக இருந்தன. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சிலருக்கு ஒரு மாசத்துல வந்துரும், சிலருக்கு ஒரு வருஷம் ஆகும்" என்றார். வராமலே போகிறவர்கள் உண்டா என்று கேட்டேன். அவர் மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்தார்.

நான் ஊட்டியில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். என் வீட்டுக்காரருக்கு மார்க்கெட்டில் ஹார்டுவேர் கடை. ஆணி, பெயிண்ட், பைப், தார்ப்பாய். அதிகம் பேசாத மனிதர். நான் வைத்ததைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பார். காய்ச்சலுக்குப் பிறகும் அப்படியேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதனால் சமையல் சரியாகத்தான் இருக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். கோயமுத்தூர் ஹாஸ்டலிலிருந்து மகள் வந்த சனிக்கிழமைதான் உண்மை தெரிந்தது. சாம்பாரில் பிசைந்து ஒரு வாய் வைத்தவள் வாஷ்பேசினுக்கு ஓடினாள்.

"அம்மா, இதையா அப்பா தெனமும் சாப்பிடறாரு?"

"சித்த உப்பு தூக்கலா இருக்குது, அவ்வளவுதான்" என்றார் அவர், அடுத்த வாயை எடுத்தபடி.

அன்றோடு நான் சமையலை நிறுத்தினேன். கோபமில்லை. அந்தச் சமையலறையில் நிற்க முடியவில்லை. குழம்பு கொதிக்கும், ஆவி முகத்தில் அடிக்கும், ஆனால் அதற்குள் ஒன்றுமே இருக்காது. வேறு யாருடைய வீட்டிலோ நுழைந்து அவர்கள் அடுப்பைக் கிளறுவதுபோல் இருந்தது.

அப்படித்தான் வெளியே சாப்பிடுவது தொடங்கியது. முதலில் பெர்ன்ஹில் டீக்கடையில் பன்னும் போண்டாவும். பிறகு சேரிங்கிராஸ் பக்கம் இட்லிக் கடைகள். ஊட்டிக்குள் இருந்த கடைகள் தீர்ந்ததும் கடைச் சரக்கு ஏற்றும் வேனில் வெளியே கிளம்பினோம். எங்கோ ஓர் இடத்தில், ஏதோ ஒரு தட்டில், என் மூக்கைத் திறக்கிற சாப்பாடு இருக்கிறது என்று நான் முடிவு செய்திருந்தேன். அது எங்கே என்று கண்டுபிடித்துவிட்டால் போதும். அலுவலகத்தில் யார் எந்தக் கடையைச் சொன்னாலும் அடுத்த ஞாயிறு அங்கே இருப்போம்.

கேத்தியில் ஒரு வீட்டு முன்னறையிலேயே நடத்தும் மெஸ். கருவாட்டுக் குழம்பு அங்கே பேர்போனது. பக்கத்து மேசையில் இரண்டு பேர் விரலைச் சூப்பிச் சாப்பிட்டார்கள். எனக்குச் சூடும் எண்ணெயும் மட்டும் தெரிந்தன. அருவங்காட்டில் தொழிற்சாலை ஷிப்ட் முடிகிற நேரத்தில் மட்டும் கூட்டம் அம்மும் ஒரு கடை. தொழிலாளிகள் நின்றபடியே பரோட்டாவை முடித்துக் கை கழுவிப் போனார்கள். அந்த அவசரம் எனக்குப் பிடித்திருந்தது. பரோட்டா ஈரத் துணிபோல் இருந்தது. கோத்தகிரியில் கோழி வறுவல், லவ்டேல் போகும் வழியில் சூடாக மிளகாய் பஜ்ஜி. எங்கேயும் அதே கதைதான். முதல் வாயில் ஓர் எதிர்பார்ப்பு. இரண்டாவது வாயில் பல்லுக்கு மட்டும் வேலை. மூன்றாவது வாய்க்கு நான் எழுந்துவிடுவேன்.

"வேற எடத்துக்குப் போலாமுங்க."

"சாப்பிட்டு முடி, அம்மிணி. போலாம்."

"இங்க ஒண்ணுமில்லைங்க. வாங்க."

குன்னூரில் ஒரு நாள் மத்தியானத்துக்குள் மூன்று கடை ஏறி இறங்கினோம். மூன்றாவது, பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் மாடியில் இருந்த பிரியாணிக் கடை. எதிர் மேசையில் ஒரு சுற்றுலாக் குடும்பம். அந்தப் பெண் முதல் கவளத்தை வாயில் வைத்துக் கண்ணை மூடினாள். அவ்வளவுதான். எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. யாரென்றே தெரியாத ஒரு பெண் மேல், அவள் கண்ணை மூடியதற்காக. தட்டை அப்படியே தள்ளிவிட்டுப் படியிறங்கி வந்து ரோட்டில் நின்றேன். அவர் வர நேரமானது. மேலே அண்ணாந்து பார்த்தேன். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, என் தட்டைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டு, மீதியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அதை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன் என்று சொன்னால் பொய். எல்லாக் கடையிலும் அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். பார்த்தும் பார்க்காமல் இருந்தேன். என் கவனமெல்லாம் அடுத்த கடையில் இருந்தது.

இன்னொன்றையும் அப்படித்தான் விட்டேன். வழியில் வண்டியை அடிக்கடி நிறுத்த ஆரம்பித்திருந்தார். ஒதுங்கிவிட்டு வருவார், வேனில் வைத்திருக்கும் பெரிய எவர்சில்வர் கேனைச் சாய்த்துத் தண்ணீர் குடிப்பார், கொஞ்ச தூரம் போனதும் மறுபடி நிறுத்துவார். எனக்கு எரிச்சல்தான் வரும். "இன்னொருக்காவா? கடை மூடிருவாங்க" என்பேன். "ஒரே நிமிஷம்" என்று இறங்குவார்.

தேவர்சோலைக்குப் போன ஞாயிறும் அப்படித்தான். கூடலூரிலிருந்து வேலைக்கு வரும் ஒரு சகஊழியர் அந்தக் கடையைச் சொல்லியிருந்தார். பைக்காரா வருவதற்குள் என் வீட்டுக்காரர் இரண்டு முறை வண்டியை நிறுத்தினார். நடுவட்டத்தில் ஒரு முறை. அந்தப் பாதையில் தைல மரங்கள் வரும் இடத்தில் எப்போதும் நான் கண்ணாடியை இறக்கிவிடுவேன். அன்று ஏற்றியே வைத்திருந்தேன். கூடலூர் தாண்டியதும் காற்றில் குளிர் குறைந்தது. தேவர்சோலையில் பச்சைத்தேயிலை எடை போடும் கொட்டகைக்கு எதிரே தகரக் கூரை போட்ட கடை. நான்கு பெஞ்சு. தோட்ட வேலைக்காரர்கள் சிலர், மலையாளத்தில் பேசிக்கொண்டு டீ குடித்த இரண்டு டிரைவர்கள், நாங்கள்.

கடைக்கார அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பாவாடை கட்டும் வயதில் கப்பலேறி வந்தவராம். தேங்காய்த் துருவல் போட்ட கனமான ரொட்டியைக் கல்லிலிருந்து எடுத்துவைத்தார். பக்கத்தில் மிளகாயைச் சிவப்பாக இடித்த சம்பல்.

"கொச்சிக்கா கூட, பாத்து சாப்பிடுங்க" என்றார்.

நான் பார்க்கவில்லை. எனக்குத்தான் எதுவும் தெரியாதே என்று மிளகாயை அள்ளி வைத்தேன். அடுத்த நொடி நாக்கு, உதடு, தொண்டை, காது மடல் எல்லாம் எரிந்தன. கண்ணும் மூக்கும் ஒழுகின. வாசமில்லை, ருசியென்றும் சொல்ல முடியாது. ஆனால் மூன்று மாதத்துக்குப் பிறகு ஒரு சாப்பாடு என்னை வந்து தொட்டது. அழுதுகொண்டே தின்றேன். இரண்டாவது ரொட்டி கேட்டு வாங்கினேன். அதையும் முடித்தேன். தட்டில் சம்பலைத் துடைத்து எடுத்தபோதுதான் அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"ஏனுங்க, எனக்கு எரியுதுங்க!"

எதிரே அவர் இல்லை. ரொட்டி கால்வாசிகூடக் குறையவில்லை. தண்ணீர் ஜக்கு காலியாக இருந்தது. வெளியே போய்விட்டு வந்தவர் நேராகப் பானையிடம் போய் ஜக்கை நிரப்பி, நின்றபடியே மடமடவென்று குடித்தார். கடைக்கார அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

"தங்கச்சி, ஐயாவுக்குச் சீனி வருத்தம் இருக்கா?"

"சர்க்கரை வியாதியா? அதெல்லாம் இல்லைங்க."

"சோதிச்சுப் பாத்தீங்களா? எங்க வீட்டுக்காரருக்கு இப்பிடித்தான் ஆரம்பிச்சிச்சி. குடிக்கிறதும் வெளிய போறதுமா. நாங்க வெயிலுன்னு நெனச்சிக்கிட்டோம். ஐயா இதோட மூணாவது ஜக்கு."

நான் அவரைப் பார்த்தேன். அப்போதுதான் முழுதாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அத்தனை கடையில் இரண்டு தட்டு சாப்பிட்ட மனிதருக்குச் சட்டைக் காலர் தொளதொளவென்று இருந்தது. கன்னம் உள்ளே போயிருந்தது. பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டை ஒன்று.

கடைக்கார அம்மா அவர் முன்னால் டீயை வைத்தபோது, "சீனி போடல ஐயா" என்றார். அவர் மறுபேச்சில்லாமல் குடித்தார். டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்களில் ஒருவரே எங்கள் வேனை ஓட்டிக் கூடலூரில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து விட்டார். அங்கே இருந்த இளம் டாக்டர் விரலில் குத்தி, கையிலிருந்த மெஷினைப் பார்த்தார். இன்னொரு விரலில் குத்தி மறுபடி பார்த்தார்.

"இதோட மலையெறங்கி வண்டி ஓட்டிட்டு வந்தீங்களா?" என்றார். திரும்பி நர்ஸைக் கூப்பிட்டார்.

சாயங்காலம் வரை டிரிப் ஏறியது. கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நடக்க இடமில்லாத அறை. எனக்கு உதடு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"எதுக்குங்க என் தட்டையும் சேத்துச் சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன். எனக்காக, என் மனசு நோகக் கூடாதென்று, என்றுதான் சொல்வார் என எதிர்பார்த்தேன்.

"நீ பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிருவ. கடைக்காரங்க வந்து தட்டப் பாப்பாங்க. மொகம் சுண்டிப்போயிரும். நானும் கடை வெச்சிருக்கறவன்தானே. அதப் பாத்துட்டு எந்திரிச்சு வர முடியல."

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கூச்சமும். இத்தனை ஊர் சுற்றியும் சமைத்தவர் ஒருவரின் முகம்கூட என் நினைவில் இல்லை. கேத்தி மெஸ்ஸில் பரிமாறியது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை.

வேனை அங்கேயே விட்டுவிட்டு மறுநாள் காலை பஸ்ஸில் திரும்பினோம். இனி வெளிச்சாப்பாடு கூடாது, வீட்டிலும் அளவு, அரிசி குறைவு, தினமும் நடை என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். வேறு வழியில்லாமல் நான் சமையலறைக்குள் திரும்பிப் போனேன். இந்த முறை அவரையும் உள்ளே நிறுத்திக்கொண்டேன். கரண்டியில் ஊற்றிக் கொடுப்பேன், அவர் சொல்ல வேண்டும்.

"நல்லாருக்குது."

"அதச் சொல்லிச் சொல்லித்தான் உப்பத் தின்னீங்க. என்ன வாசம் வருது, அதச் சொல்லுங்க."

அவர் கண்ணைச் சுருக்கினார். ஆயுசில் யாரும் அவரிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. "மொதல்ல புதுச் சாக்கு பிரிச்ச மாதிரி. அப்புறம்... டர்பன்டைன் டப்பா மூடியத் தொறந்தா சுருக்குன்னு வருமே, அது."

"ரசத்துலயா?"

"பூண்டுன்னு நெனக்கறேன்" என்றார் பயந்துபோய்.

நாட்கள் போகப் போகத் தேறினார். கடுகு சரியாகப் பொரிந்தால் வெல்டிங் பொறி, தனியா வறுபட்டால் மரத்தூள், வெந்தயம் கூடினால் பழைய இரும்பு. அவர் சொல்லச் சொல்ல நான் கை அளவை மாற்றிக்கொண்டேன். அடுத்த முறை வந்த மகள் வாஷ்பேசினுக்கு ஓடவில்லை. "பரவால்லம்மா" என்றாள். அவருடைய சர்க்கரையும் மெதுவாக இறங்கியது. மாத்திரை மட்டும் நிற்கவில்லை.

என் பரபரப்பு நின்றதா என்றால் இல்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு உள்ளங்கால் அரிக்க ஆரம்பித்துவிடும். யாராவது ஒரு கடையைச் சொன்னால் அன்று முழுக்க அதே நினைப்பு. நல்ல வேளையாக அவருக்கு நடை விதித்திருந்தார்கள். பெர்ன்ஹில் ஏற்ற இறக்கங்களில் தினமும் சாயங்காலம் நடந்தோம். அவர் மெதுவாக நடப்பார். நான் வளைவு வரை வேகமாகப் போய், திரும்பி வந்து அவரோடு சேர்ந்து, மறுபடி முன்னால் போவேன். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும்.

உறைபனிக் காலம் முடிகிற சமயம், அப்படி ஒரு நாள் முன்னால் போன நான் ஒரு சின்னப் பாலத்தின் மேல் நின்றுவிட்டேன். அவர் வந்து சேர்ந்து, "என்னாச்சு, மூச்சு வாங்குதா?" என்றார்.

"நாறுதுங்க."

கீழே சாக்கடை அடைத்துக்கொண்டு நின்றது. அவர் மூக்கைப் பொத்தினார், பிறகு கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தெரியுதா உனக்கு?"

"அழுகின முட்டைக்கோசுங்களா?"

"அதேதான்!" என்றார். எங்கள் பக்கமாக வந்த ஒரு பெண் முந்தானையால் மூக்கை மூடியபடி, சாக்கடைமேல் நின்று ஆழமாக மூச்சு இழுத்துக்கொண்டிருந்த எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.

மறுநாள் மறுபடி ஒன்றுமில்லை. நான்கு நாள் கழித்து அலுவலகத்தில் பினாயில் தெரிந்தது. பிறகு வேர்வை, மண்ணெண்ணெய். நல்ல வாசங்கள் கடைசியில்தான் வந்தன, அதுவும் சில கோணலாக. காப்பி எனக்கு இன்றுவரை முடி பொசுங்குகிற நாற்றம்தான். ஒரு காலத்தில் நாளுக்கு நான்கு டம்ளர் குடித்தவள், இப்போது யாராவது பக்கத்தில் காப்பியோடு உட்கார்ந்தால் எழுந்து போய்விடுகிறேன்.

போன மாதம் டாக்டர் மாதத்துக்கு ஒரு தடவை வெளியே சாப்பிடலாம் என்றார். சோலூருக்குப் போனோம். காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு படுகர் குடும்பத்தார் புதிதாகப் போட்டிருந்த சின்னக் கடை. ராகிக் களியும் அவரைக்குழம்பும் வந்தன. அவர் நிதானமாகச் சாப்பிட்டார். எனக்கு அவரையின் பச்சை வாசம் கொஞ்சம் தெரிந்தது, மற்றது தெரியவில்லை. பாதியிலேயே, இங்கிருந்து கேத்தி எவ்வளவு தூரம் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. அப்போது சமைத்த அம்மா கரண்டியோடு வந்து, எங்கள் இருவர் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னும் சித்த ஊத்தட்டுங்களா?" என்று என்னிடம் கேட்டார். நெற்றியில் ஒரு பழைய தழும்பு, கையில் மாவு, நாற்பது வயதிருக்கும்.

"ஊத்துங்க" என்றேன்.